மண்ணுக்குள் கிடந்த இரும்பு எந்த மெசினுடையது? வன்னியில் அடையாளம் காணும் முறை

கிணறு இறைத்துத் தூர்வாரும்போதும், மலசலகூடக் குழி வெட்டும்போதும், பெக்கோ பிடித்து வளவு துப்புரவாக்கும்போதும் வன்னியில் ஏதாவது ஓர் இரும்பு கிளம்பும். கறள் ஏறிய பற்சில்லு, பாதி உடைந்த கப்பி, எழுத்துப் பொறித்த மூடி, எதற்கென்று தெரியாத ஒரு தண்டு. அளவுநாடா, வேனியர் கலிப்பர், சோக்கட்டி, கொஞ்சம் பொறுமை இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை எந்த மெசினில் இருந்தவை என்று சொல்லிவிடலாம். வேறு ஊர்களில் வேலை அங்கிருந்தே தொடங்கும். இங்கே அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது மெசினுடையதுதானா?

தொடுவதற்கு முன்

மண்ணுக்கு மேல் தெரிந்த பகுதியை மட்டும், நின்ற இடத்திலிருந்து பாருங்கள். அலவாங்கால் தட்டிப் பார்ப்பது, கயிறு கட்டி இழுப்பது, பெக்கோ வாளியால் கிளறுவது மூன்றும் கூடாது. உருளை உடம்பைச் சுற்றிச் செம்பு வளையம், வால் பக்கத்தில் இறகுத் தகடுகள், கூம்பி வரும் முனை, உள்ளிருந்து வெளியே வரும் வயர், உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் வட்டு, சிறிய மரப்பெட்டி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதோடு நிறுத்துங்கள். வந்த கால்தடத்திலேயே திரும்பி வெளியே வந்து, தூரத்தில் தடி நட்டுத் துணி கட்டி, பிள்ளைகளையும் மாடுகளையும் மறித்துவிட்டு, 119 க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்பினர் ஊரில் வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம்.

பலர் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, பொலித்தீனால் சுற்றிக் கிறீஸ் பூசிப் புதைத்த பொருள். இடம்பெயர்ந்தபோது நீரிறைக்கும் மெசினையும் தையல் மெசினையும் சனங்கள் அப்படித்தான் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் ஆயுதங்களும் அதே மாதிரித்தான் தாட்கப்பட்டன. ஆகவே கவனமாகச் சுற்றியிருப்பது நல்ல சகுனமல்ல, விலகுவதற்கான காரணம். மற்றது, காணி துப்புரவாக்கிக் கையளித்த சான்று. அது குறிப்பிட்ட ஓர் ஆழத்துக்கு மட்டுமே உரியது. கிணற்று ஆழத்துக்கோ அத்திவாரக் குழிக்கோ அது பொறுப்பல்ல.

வால்வுடன் மூடியிருக்கும் சிலிண்டர் எதையும் திறக்க முயல வேண்டாம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரினும் உற்பத்தியானது. அந்தப் பக்கத்தில் கனத்த இரும்புச் சிலிண்டர் அகப்பட்டால் அது வெறுமையானது என்று யாரும் சொல்லி நம்பாதீர்கள். பழைய ட்ரான்ஸ்போமரையும் உடைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் எண்ணெய் நச்சாக இருக்கலாம்.

வெடிபொருளையும் மெசின் பாகத்தையும் பிரித்தறிவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. வாசிப்பவரின் வேலையும் அல்ல. இனிவரும் எல்லாம், ஐயம் தீர்ந்த பொருளுக்கு மட்டும்.

இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

எடுப்பதற்கு முன் பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், எந்தப் பக்கம் மேலே இருந்தது, ஒட்டியிருந்த மண் என்ன நிறம் என்று எழுதுங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த மண், நிலக்கரித் துண்டு, சாம்பற்கட்டி எல்லாம் சாட்சிதான். கொங்கிறீற் கட்டையும் அதில் நிமிர்ந்து நிற்கும் நான்கு போல்ட்டும் தெரிந்தால் அது இஞ்சின் அல்லது பம்ப் இருந்த மேடை. போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கான தூரத்தை நீளம், அகலம் இரண்டிலும் அளந்து வையுங்கள். இஞ்சினே இல்லாவிட்டாலும் அந்த இரண்டு எண்கள் பின்னால் உதவும்.

அதேநேரம், கிடைத்த இடத்தை வைத்துப் பெயர் சூட்டுவது வன்னியில் அடிக்கடி பிழைக்கும். ஓமந்தைக்கு வடக்கே றெயில் பாதையில் இருந்த தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பதுங்குகுழிக் கூரைக்குப் போய், பாதையிலிருந்து வெகுதூரத்துக் காணிகளில் தாண்டு கிடக்கின்றன. உழவு இயந்திரங்களும் பம்புகளும் கிளிநொச்சியில் தொடங்கி முள்ளிவாய்க்கால் கரைவரை உரிமையாளரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தவை. முன்னர் அந்தக் காணியில் இருந்தவர் யாரென்று கேளுங்கள். அரிசி ஆலை இருந்ததா, யாராவது ஏதாவது தாட்டுவைத்தார்களா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வந்தால் பாதி வேலை முடியும். பொருளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பதும் சிலவேளை அப்போதுதான் தெரியவரும்.

கழுவுதல்

அவசரப்பட்டுக் கிரைண்டரில் கம்பிச்சில்லைப் பூட்டி உரசினால் கறளோடு எழுத்தும் போய்விடும். முதலில் தண்ணீரும் தும்புப் பிரஷும் போதும். காய்ந்த களிமண்ணை மரக்குச்சியால் பெயர்த்தெடுங்கள். பிறகு டீசலும் பழைய இஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து பூசி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கைக் கம்பிப் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள்.

கறள் தடித்து எழுத்து தெரியாவிட்டால் பற்றறி சார்ஜர் முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 4 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடா கரையுங்கள். பாகத்தைச் சார்ஜரின் மறை முனையில் கட்ட வேண்டும். நேர் முனையில் வேண்டாத இரும்புத் துண்டு ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல். 12 வோல்ட்டில் ஓர் இரவு போதும். முனை மாறினால் கறளுக்குப் பதிலாக உங்கள் பாகம் கரையும். நேர் முனையில் கறளேறாத உருக்கு போடாதீர்கள், குரோமியம் கரைந்து தண்ணீர் நச்சாகும். அலுமினியத்தை இந்தத் தொட்டியில் இறக்கவே கூடாது, சோடா அதைத் தின்றுவிடும். ஹைதரசன் வாயு கிளம்புவதால் திறந்த இடத்தில், பீடி நெருப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். கம்பியைத் தொடுமுன் சார்ஜரை நிறுத்துங்கள்.

ஆனையிறவு, சுண்டிக்குளம் போன்ற உவர்மண்ணில் கிடந்த வார்ப்பிரும்பை வெயிலில் காயப்போட்டால் சில வாரங்களில் படை படையாக உதிரும். உப்பு உள்ளே இருப்பதுதான் காரணம். அதை எடுத்த உடனே சலவைச்சோடாத் தண்ணீரில் (20 லீற்றருக்கு 1 கிலோ) மூழ்கவிட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிச் சில மாதம் வைத்தால் தப்பும்.

என்ன உலோகம்

காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை, வெண்கலம், செம்பு, ஈயம், அலுமினியம் இவற்றில் ஒன்று. கறளேறாத உருக்கிலும் சில வகை ஒட்டாது. ஒட்டினால் வார்ப்பிரும்பா உருக்கா என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பின் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருக்கும். துளைபோட்டால் தூளாக விழும். உருக்கு வளைந்து உடையும், துளைத்தால் சுருளாக வரும். கிரைண்டரில் லேசாகத் தொட்டால் வார்ப்பிரும்பில் மங்கிய சிவப்புப் பொறி குறுகப் பறக்கும், மென்னுருக்கில் நீண்ட வெளிர்மஞ்சள் கோடாக ஓடும். எண்ணெய்த் தாங்கியிலோ மூடிய பாத்திரத்திலோ இந்தச் சோதனை வேண்டாம்.

சிறிய துண்டென்றால் தூக்குத்தராசில் நிறுத்து, பிறகு தண்ணீர் வாளிக்குள் தொங்கவிட்டபடி நிறுங்கள். முதல் நிறையை இரண்டுக்குமிடையிலான வித்தியாசத்தால் வகுத்தால் அலுமினியத்துக்கு 2.7, வார்ப்பிரும்புக்கு 7.2, உருக்குக்கு 7.8, பித்தளைக்கு 8.5, ஈயத்துக்கு 11.3 அளவில் வரும்.

எழுத்தை வாசிப்பது

இருட்டியபின் டோர்ச்சைத் தாழ்வாகப் பிடித்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அடியுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலில் எழும். சோக்கட்டியைப் படுக்கையாக உரசினாலும் தெரியும்.

மேலெழும்பி நிற்கும் எழுத்து வார்ப்பில் வந்தது. உள்ளே குழிந்திருப்பது பிறகு அடித்தது. வார்ப்பில் வந்த இலக்கம் அச்சின் இலக்கம்தான். ஒரே இலக்கத்தில் ஆயிரக்கணக்கான மூடிகள் வெளிவந்திருக்கும். அதை மொடல் இலக்கம் என்று நினைத்துத் தேடுபவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குழிய அடித்த இலக்கம் மெசினின் தொடரிலக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டனின் தலையில் 020, 030, 040 என்று இருந்தால் அது மொடலும் அல்ல, தொடரிலக்கமும் அல்ல. சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெரிதாகக் குடைந்து போட்ட பிஸ்டன் என்று அர்த்தம்.

மெசினின் பெயர்த்தகட்டில் கொழும்புக் கொம்பனியின் பெயர் இருந்தால் அது விற்றவர் பெயராக இருக்கலாம். ஆக்கியவர் பெயரை வார்ப்பில் தேடுங்கள். தகட்டில் "சிலோன்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1972 க்கு முந்தியது. பிரித்தானிய காப்புரிமை இலக்கமும் உதவும். 1916 இலிருந்து அவை 100,001 இல் தொடங்கித் தொடர்ச்சியாகப் போகின்றன. அதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியதால் இலக்கத்தோடு ஆண்டும் சேர்ந்திருக்கும். காப்புரிமை ஆண்டு, அதற்கு முன் செய்ததல்ல என்பதை மட்டுமே சொல்லும். பின்னால் முப்பது ஆண்டு கழித்தும் அதே தகட்டை அடித்திருப்பார்கள்.

புரி பேசும்

எழுத்தே இல்லாத பாகத்தில் மிகச் சரியான சாட்சி போல்ட்டின் புரி. கறள் விட்டத்தைத் தின்னும், புரி எண்ணிக்கையைத் தின்னாது. ஆகவே 25.4 மில்லிமீற்றர் நீளத்துக்குள் எத்தனை முகடு என்று எண்ணுங்கள்.

அரை அங்குலப் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 12 புரி என்றால் விட்வேர்த், பிரித்தானிய வழி. 13 என்றால் அமெரிக்க வழிப் பருமன் புரி. 16 என்றால் பிரித்தானிய நுண்புரி, 20 என்றால் அமெரிக்க வழி நுண்புரி. 12 மில்லிமீற்றர் மெட்ரிக் போல்ட்டில் ஒரு புரி 1.75 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய பதினாலரை. முக்கால் அங்குலத்திலும் ஐந்தெட்டு அங்குலத்திலும் மூன்றெட்டு அங்குலத்திலும் விட்வேர்த்துக்கும் அமெரிக்கப் பருமன் புரிக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் (10, 11, 16). அங்கே கோணம் பார்க்க வேண்டும்: விட்வேர்த் 55 பாகை, மற்றது 60. புரிமானி இல்லையென்றால் பெயர் தெரிந்த நல்ல போல்ட் ஒன்றைப் புரிக்குப் புரி ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், இடையில் ஒளி தெரிந்தால் அது வேறு.

1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே புரி ஒழுங்குக்கு வந்தன. அதன்பின் வந்த பிரித்தானிய உழவு இயந்திரங்களில் மெல்ல மெல்ல விட்வேர்த் மறைந்தது. ஆனால் விட்வேர்த் கண்டவுடன் பழையது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தியாவின் ராஜ்கோட்டில் செய்த, பிரித்தானிய லிஸ்டர் வகை இஞ்சின்கள் பழைய வரைபடத்தையே பின்பற்றின. இன்னொன்று, நட்டும் போல்ட்டும் ஊர்க் கராச்சில் மாறியிருக்கும். கழற்றிப் பூட்டும் போல்ட் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், வார்ப்புக்குள் இறங்கிய துளைப்புரியையோ மூன்று நான்கு இடங்களையோ பாருங்கள்.

பற்சில்லுக்கு ஒரு கணக்கு. பற்களை எண்ணி 2 ஐக் கூட்டுங்கள். வெளிவிட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து அந்தத் தொகையால் வகுங்கள். 2, 2.5, 3 என்று ஒழுங்கான எண் வந்தால் மெட்ரிக் சில்லு. வராவிட்டால் தொகையை அங்குல விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 38 பல், 127 மில்லிமீற்றர் சில்லில் முதற் கணக்கு 3.175 என்று இழுபடும். 40 ஐ 5 அங்குலத்தால் வகுத்தால் சுத்தமாக 8. அது அங்குல நாட்டுச் சில்லு. நேர்ப்பல் சில்லுக்கு மட்டுமே இது சரிவரும், சரிவுப்பல்லுக்கு வராது. பல் நுனி தேய்ந்திருந்தால் விட்டம் குறையும், அதையும் மனதில் வையுங்கள்.

சிலிண்டரை, பிஸ்டன் வளையம் ஓடாத அடிப்பகுதியில் அளக்க வேண்டும். வளையம் ஓடும் பகுதி, முக்கியமாக அதன் மேற்பக்கம், தேய்ந்து பெருத்திருக்கும். 114.3 மில்லிமீற்றர் உட்குடைவும் (உள்விட்டம்) 139.7 மில்லிமீற்றர் ஓட்டமும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) என்றால் இங்கிலாந்தின் டேர்ஸ்லியில் செய்த லிஸ்டர் சி.எஸ். இஞ்சினின் அளவு. 91.4 உட்குடைவும் 127 ஓட்டமும் என்றால், மாசி பேர்கசன் 35, 135 உழவு இயந்திரங்களில் வந்த மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ். 80 அல்லது 85 உட்குடைவும் 92 ஓட்டமும் பழைய சாம்பல் பேர்கசன் டி.ஈ. 20 இன் ஸ்டாண்டர்ட் இஞ்சின் அளவு.

பெயரிங்கில் பொறித்த இலக்கம் பெயரிங்கின் பெயர், மெசினின் பெயரல்ல. 6205 என்றால் உட்துளை 25 மில்லிமீற்றர் (கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்; 04 இலிருந்து மேலே சரிவரும்). அது எந்த மெசினிலும் இருந்திருக்கலாம்.

வன்னி மண்ணில் அகப்படக்கூடியவை

ஒரு முழம் அளவு நீளத்தில், மேலே வரம்பு வரம்பாக ஓடும் வார்ப்பிரும்பு உருளை, நடுவே தண்டுத் துளை. இது எங்கெல்பேர்க் வகை அரிசி ஆலையின் குற்றும் உருளை. பக்கத்தில் நீள்துளை போட்ட வளைந்த தகடும், தட்டையான உருக்குக் கத்தியும் அகப்பட்டால் ஐயமே இல்லை. மண்மூடிக் கிடக்கையில் இதைக் குண்டென்று பயப்படுவது நியாயம். பயந்து விலகியவர் பிழை செய்யவில்லை. ஆலையின் கப்பி, பட்டை பெல்ட்டுக்கானதென்றால் முகம் நடுவில் சற்றே மேடாக இருக்கும், பெல்ட் வழுகாமலிருக்க. பள்ளம் வெட்டிய கப்பி பிந்தியது. பள்ளத்தின் மேல் அகலம் 13 மில்லிமீற்றர் அளவென்றால் ஏ பெல்ட், 17 என்றால் பி, 22 என்றால் சி.

குழாய்க்கிணற்றுக் கைப்பம்பின் சிலிண்டரும் இப்படித்தான் குழப்பும். வார்ப்பிரும்புக் குழாய்க்குள் பித்தளை உறை, உறையின் உள்விட்டம் 63.5, தண்டு 12 மில்லிமீற்றர் என்றால் இந்தியா மார்க் டூ.

உழவு இயந்திரப் பாகமென்றால், பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பின் தண்டைப் பாருங்கள். ஆறு பள்ளம் வெட்டிய 35 மில்லிமீற்றர் தண்டு பொது அளவு. அதே ஆறு பள்ளம், 29 மில்லிமீற்றர் என்றால் பழைய சாம்பல் பேர்கசன். கலப்பைச் சட்டத்தின் கீழ் ஊசி 22, மேல் ஊசி 19 என்றால் சிறிய இயந்திர வகை. 28, 25 என்றால் பெரியது. லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பாகங்களில் யப்பான் மெட்ரிக் போல்ட் வந்தால், மேலே சொன்ன விட்வேர்த் கணக்கெல்லாம் தள்ளிவைத்துவிடலாம்.

குளக்கட்டுப் பக்கம் நீண்ட தண்டில் சதுரப்புரியும், வெண்கல நட்டும், பெரிய கைச்சில்லும் கிடைத்தால் துருசுக் கதவின் திருகு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளங்களுக்குக் கமநல சேவை நிலையத்திடமும் காட்டுங்கள். அது விற்கும் பொருளல்ல.

தண்டவாளத் துண்டு தன் வரலாற்றைத் தானே சுமந்து நிற்கும். பக்கவாட்டுத் தகட்டில் செய்த ஆலை, ஆண்டு, ஒரு யார் (மூன்று அடி) நீளத்துக்கு எத்தனை இறாத்தல் என்பதெல்லாம் மேலெழும்பிய எழுத்தில் இருக்கும். உயரம் 133 மில்லிமீற்றர், அடி அகலம் 117.5, தலை அகலம் 63.5 என்றால் பிரித்தானிய 80 இறாத்தல் ஏ வகை. இதுவும் திணைக்களச் சொத்துத்தான். சிங்கர் தையல் மெசின் பற்றி நீட்டத் தேவையில்லை: தொடரிலக்கமும் அதன் முன்னிருக்கும் எழுத்துகளும் சேர்ந்து தொழிற்சாலையையும் ஆண்டையும் சொல்லும்.

பீரங்கிக் குழாய், நங்கூரம் மாதிரி மிகப் பழையது என்று தோன்றினால் சட்டம் வேறு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டத்தின்படி 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள் தொல்பொருள். அதைக் கழுவாமல், அசைக்காமல் கிராம அலுவலர் மூலம் அறிவிக்க வேண்டும்.

ஆளைக் கேட்கும்போது

கைபேசியில் ஒரே ஒரு மங்கிய படம் அனுப்பி "இது என்ன?" என்றால் எந்த மெக்கானிக்கும் ஊகம்தான் சொல்வார். முன், பின், பக்கம், எழுத்துள்ள இடம் என நான்கு படம், நான்கிலும் அளவுகோல் தெரிய வேண்டும். கராச்சை விட, பழைய ஆலை ஓட்டியவரும் லேத் பட்டறைக்காரரும் நல்ல தேர்வு. அவர்கள் பாகத்தைச் செய்து பார்த்தவர்கள். படத்தோடு சேர்த்து இப்படி எழுதுங்கள்:

"வார்ப்பிரும்பு மூடி. 210 க்கு 165 மில்லிமீற்றர். நான்கு துளை, நடுவிலிருந்து நடு 178 உம் 133 உம். ஒட்டியிருந்த போல்ட் அரை அங்குலம், 12 புரி. மேலெழும்பிய எழுத்தில் ஐந்து இலக்கம், கடைசி இரண்டு தெரியவில்லை. உட்பக்கம் எண்ணெய்க்கறை, கார்க் பசை. மாங்குளம் பக்கம், மூன்றடி ஆழம், கிரவல் மண். பக்கத்தில் கொங்கிறீற் மேடை இல்லை."

தெரியாத இலக்கத்தை ஊகித்து நிரப்பி அனுப்பாதீர்கள். ஓரிலக்கம் பிழைத்தால் பதில் வேறு மெசினுக்கு வரும்.